தவறான தீர்ப்புக்கு எப்படி மரியாதை தருவது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. அமெச்சூர் நாக்-அவுட் போட்டியில் அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணி அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. உங்கள் கோல்கீப்பர் அதை வாரி எடுத்துவிட்டார். நடுவர் கோல் என்று கைகாட்டினார். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று உங்கள் பதினோரு பேரும் உறுதியாகச் சொல்கிறீர்கள். நடுவரைச் சூழ்ந்து நின்று வாதாடியதில் ஒருவருக்கு ரெட் கார்டு. ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு கைகுலுக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அடுத்த மாதம் லீகில் அதே அணியோடு மோத வேண்டும், நடுவரும் அவராகவே இருக்கலாம். கையில் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. புகார் கொடுக்கலாமா, அந்த நடுவர் வேண்டாம் என்று கேட்கலாமா, தவறு என்று தெரிந்த தீர்ப்புக்கு எப்படி மரியாதை தருவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகார் எடுபடாது. நடுவரை மாற்றக் கேட்க வேண்டாம். மரியாதை தருவதற்கு, தீர்ப்பு சரி என்று நம்ப வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் எழுதியதில் என்னை வருத்தியது அந்தக் கோல்கூட அல்ல, கைகுலுக்காமல் வந்ததுதான். பதினாறு வருடம் அமெச்சூர் அணிகளில் தடுப்பாட்டம் ஆடியிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு ஒன்பது வருடமாக விசில் ஊதுகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து விரிவாகச் சொல்கிறேன்.

புகார் விஷயம். கால்பந்தின் ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, ஆட்டத்தில் நடந்தவற்றைப் பற்றி நடுவர் சொல்வதே இறுதி என்று அதில் இருக்கிறது. இறுதி என்றுதான் இருக்கிறது, சரி என்று எங்கும் இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தான் செய்தது தப்பு என்று நடுவருக்கே புரிந்தாலும் அதை மாற்ற முடியாது. பந்து எங்கே இருந்தது, யார் யாரைத் தட்டினார்கள், கை பட்டதா என்பதெல்லாம் இந்த வகை. இதை எதிர்த்துக் கொடுக்கும் புகாரைப் பொதுவாக எந்தப் போட்டிக் குழுவும் எடுத்துக்கொள்வதில்லை.

நடுவர் விதியையே தப்பாகப் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. 2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் ஆடின. 1-0 என முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்ட்டி கிடைத்தது, பந்தும் வலைக்குள் போனது. ஆனால் அடிப்பதற்கு முன்பே அவர்களுடைய ஆள் ஒருவர் பெனால்ட்டி பெட்டிக்குள் ஓடிவந்துவிட்டார். அப்போதைய விதிப்படி பெனால்ட்டியை மறுபடி அடிக்க வைத்திருக்க வேண்டும். நடுவரோ கோலை மறுத்து, பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. ஜெயித்த உஸ்பெகிஸ்தானே புகார் கொடுத்து, 3-0 என்று அறிவிக்கச் சொன்னது. இது கண் செய்த தவறு அல்ல, விதியில் செய்த தவறு என்பதால் ஃபிஃபா தலையிட்டது. ஆனால் 3-0 தரவில்லை, ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆட வைத்தது. அது 1-1, பஹ்ரைனில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0. மொத்தக் கோல் சமமானால் எதிரணி மண்ணில் அதிகம் அடித்தவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. உங்களுக்கு நடந்தது முதல் வகை. வீடியோவை அனுப்பினால் குழுவில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இப்படி ஒரு விதி என்று கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. நடுவர் என்ற ஆள் எப்படி வந்தார் என்று படித்த பிறகுதான் எனக்கு அந்தக் கோபம் தணிந்தது. கால்பந்து நடுவரே இல்லாமல் தொடங்கிய ஆட்டம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசி முடித்துக்கொண்டார்கள். போட்டி சூடுபிடித்ததும் அந்தப் பேச்சு முடிவுக்கு வராமல் இழுத்தது. அப்புறம் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள். வீரர்கள் முறையிட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாதபோது, மைதானத்துக்கு வெளியே இருந்த மூன்றாவது ஆளிடம் விஷயத்தை அனுப்பினார்கள். இப்படி ‘ரெஃபர்’ செய்து அனுப்பப்படும் இடமாக இருந்ததால்தான் அவருக்கு ரெஃப்ரி என்று பெயர். 1891-ல் அவரை மைதானத்துக்குள் அழைத்து முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்தார்கள். அம்பயர்கள் கோட்டோரம் நகர்ந்து லைன்ஸ்மேன் ஆனார்கள்.

யாரோ மேலிடத்தில் இருந்து நம் தலையில் நடுவரைக் கட்டவில்லை. நமக்குள் பேசித் தீர்க்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஆட்டக்காரர்கள் கூப்பிட்டு வந்த ஆள் அவர். அவர் சொல்வதோடு விவகாரம் முடிய வேண்டும் என்பதற்காகவே கூப்பிட்டோம். அவர் சொன்ன பிறகும் முடியாது என்றால் 1891-க்கு முன்பு இருந்த இடத்துக்கே திரும்பிப் போகிறோம். அமெச்சூர் ஆட்டத்தில் இது இன்னும் நேரடியாகத் தெரியும். நம் ஆட்டத்துக்கு வரும் நடுவர் பெரும்பாலும் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு விடுமுறை நாளில் வருகிறவர். அவர் வரவில்லை என்றால் இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சரி, அந்தக் கோலுக்கு வருவோம். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கணத்தில் யாருக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்று பார்த்துவிடுங்கள்.

பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ. ஆகவே பந்து தரையைத் தொடும் புள்ளி, கோட்டின் பின்விளிம்பைத் தாண்டி இன்னும் 11 செ.மீ. உள்ளே போயிருக்க வேண்டும். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சையாக இடைவெளி தெரிந்தாலும், மேலே பந்தின் வயிற்றுப் பகுதி கோட்டுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அது கோல் இல்லை. உங்கள் அணிக்குச் சாதகமான பாதி இது. மறுபாதி உங்கள் வீடியோவைப் பற்றியது. கார்னர் கொடியில் இருந்து பக்கக் கோட்டை ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அருகிலுள்ள கோல் கம்பம் அங்கிருந்து சுமார் முப்பது மீட்டர். கம்பத்துக்கு அப்பால் நான்கு மீட்டரில், கோலின் நடுப்பகுதியில் பந்து விழுகிறது. அந்தக் கோணத்தில் பந்து கோட்டுக்கு 40 செ.மீ. பின்னால் இருந்தாலும் கம்பத்தோடு ஒட்டி நிற்பது போலத்தான் தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். கோல் கோட்டின் நீட்சியில் சரியாக நிற்காத எந்தக் கேமராவும் இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்ல முடியாது, எந்தக் கண்ணும்தான்.

இதே மாதிரி ஒரு பந்துக்கு உலகமே இன்னும் முடிவு சொல்லவில்லை. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், வெம்ப்ளி. இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. சுவிஸ் நடுவர் காட்ஃபிரிட் டீன்ஸ்ட் கோட்டோரம் ஓடி, சோவியத் ஒன்றியத்தின் லைன்ஸ்மேன் டோஃபிக் பஹ்ரமோவைக் கேட்டுவிட்டுக் கோல் கொடுத்தார். மேற்கு ஜெர்மனி தோற்றது. 2010-ல் அதே இரண்டு நாடுகள் மோதியபோது ஃபிராங்க் லாம்பார்டின் பந்து நன்றாகவே உள்ளே விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2012-ல் கோல்-லைன் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. இரண்டு லைன்ஸ்மேன்களோடு, உலகத்திலேயே தேர்ந்தெடுத்த நடுவர்களுக்கு நடந்தது இது. நம் ஆட்டங்களில் பல நேரம் நடுவர் ஒரே ஆள். லைன்ஸ்மேன் வேலையை மாற்று ஆட்டக்காரர் யாராவது செய்வார், அல்லது யாரும் செய்ய மாட்டார்கள். நீண்ட பாஸ் ஒன்று போனால் பந்து விழும்போது நடுவர் இருபது முப்பது மீட்டர் பின்னால்தான் இருப்பார்.

ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும் நொடியில் தாக்குபவர் பந்தையும் கடைசித் தடுப்பாட்டக்காரரையும் தாண்டி நின்றாரா என்பது, இன்னும் மோசம். பாஸ் கொடுக்கும் கால் ஒரு இடத்தில், ஓடுகிறவர் வேறு இடத்தில். இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க வேண்டும். தாக்குபவர் முன்னால் ஓட, தடுப்பவர் வெளியே ஏறி வர, ஆளுக்கு நொடிக்கு ஏழு மீட்டர் வேகம் என்றால் பத்தில் ஒரு நொடியில் இருவருக்கும் இடையே 1.4 மீட்டர் மாறிவிடும். கண்ணைப் பந்தில் இருந்து எடுத்து அங்கே வைக்கவே அவ்வளவு நேரம் ஆகும். 2000-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். லைன்ஸ்மேன் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றுவிடுவதால், அவர் பார்க்கும் கோணமே தவறான ஆஃப்சைடு தீர்ப்புகளை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பாரபட்சம் என்று நாம் கத்துகிற பல கொடிகளுக்குப் பின்னால் இருப்பது வெறும் வடிவியல்.

“ஆனால் நாங்கள் பதினோரு பேரும் பார்த்தோமே” என்கிறீர்கள். அந்தப் பதினோரு பேரும் ஒரே அணி. 1951-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே ஒரு முரட்டு ஆட்டம் நடந்தது. அது அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது இல்லை. அதன் படத்தை இரண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் ஆட்டக்காரர்கள் செய்த தவறுகள், பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணுக்கு டார்ட்மவுத் மாணவர்கள் கண்டதைப் போல இரு மடங்குக்கு மேல் பட்டன. படம் ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் பார்த்ததைத்தான் எண்ணினார்கள். இந்த ஆய்வு 1954-ல் வெளிவந்தது. நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. எதிரணிக்காரர்களும் பந்து உள்ளே போனதைப் பார்த்ததாக அதே மனதோடு சொல்வார்கள் என்பதை மட்டும் நம்புங்கள்.

நடுவருக்கும் இந்த நோய் கொஞ்சம் உண்டு. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல், லெஸ்டர் ஆட்டத்தின் மோதல்களைக் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள், சத்தம் இல்லாமல் பார்த்தவர்களைவிட, சொந்த மண் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். இதைப் படித்த நாளில் இருந்து, கோட்டோரம் நின்று கத்துகிற பயிற்சியாளர்கள் மேல் எனக்கு இருந்த பொறுமை குறைந்துவிட்டது. அவர்கள் கத்துவது கோபத்தில் மட்டுமில்லை, அதற்குப் பலன் இருக்கிறது என்று தெரிந்தும்தான். அதனால் நான் அந்தப் பக்கம் நின்று முடிவெடுக்கும்போது ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஊதப் பழகிக்கொண்டேன்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. மைதானத்தில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி, கேட்கிறவர்களுக்கே விதி தெரியாததால் வருகிறது. நானும் பதினாறு வருடம் அப்படித்தான் ஆடினேன். நடுவர் பயிற்சிக்குப் போன முதல் நாள், நான் எத்தனை பேரிடம் தேவையில்லாமல் சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்து மனம் கனத்தது. “பந்தைத்தான் முதலில் தொட்டேன்” என்பது எல்லோருடைய வாயிலும் இருக்கும். பந்தைத் தொட்டால் ஃபவுல் இல்லை என்று விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. கவனமில்லாமலோ, முரட்டுத்தனமாகவோ, தேவைக்கு மீறிய பலத்தோடோ ஆளை மோதினாயா என்பதுதான் கேள்வி. பந்தையும் தொட்டு ஆளின் கணுக்காலையும் சாய்த்தால் ஃபவுல்தான். அதே போல, கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் இல்லை. வேண்டுமென்றே தொட்டாரா, இயல்புக்கு மாறாகக் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கினாரா என்று பார்க்க வேண்டும். ஆனால் அடித்தவரின் கையில் தெரியாமல் பட்டு நேராகக் கோலுக்குள் போனாலும் அது கோல் இல்லை. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே தோள், கீழே கை. ‘கடைசி ஆள்’ என்ற சொல்லும் விதியில் இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து கைவசம் இருந்திருக்குமா, தடுப்பவர்கள் எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்ற நான்கையும் சேர்த்துத்தான் நிச்சயமான கோல் வாய்ப்பைத் தடுத்தாரா என்று முடிவு செய்கிறோம். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக ஆஃப்சைடு கிடையாது. இதற்கெல்லாம் ஒரு சாயங்காலம் போதும். உங்கள் அணி உட்கார்ந்து விதிகளைப் படித்தால், வருடத்துக்கு நீங்கள் போடும் சண்டையில் பாதி குறைந்துவிடும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

விதி தெரிந்த பிறகும் கேள்வி எழும். எழட்டும், கேளுங்கள். எதிர்ப்பைச் சொல்லாலோ செய்கையாலோ காட்டினால் மஞ்சள் அட்டை, வசை பாடினால் சிவப்பு என்றுதான் விதி சொல்கிறது. கேள்வி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. கேட்கிறவர் ஒருவராக இருக்க வேண்டும், அது கேப்டனாக இருப்பது நல்லது. பந்து நின்றிருக்கும்போது பக்கத்தில் வந்து, முகத்துக்கு நேராக நிற்காமல் தோளோடு தோள் நின்று கேட்டால் பதில் கிடைக்கும். “சார், நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “இது எப்படி சார் கோல்?” என்பதற்கு என்னிடம் பதில் வராது, ஏனென்றால் அதில் பதிலே கேட்கப்படவில்லை. என்ன பார்த்தீர்கள் என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போதே சில முறை என் தப்பு எனக்கே புரிந்திருக்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்காவிட்டால் மாற்றியும் இருக்கிறேன். எட்டுப் பேர் சூழ்ந்து நின்று கத்தும்போது மட்டும் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. நியாயம் அவர்கள் பக்கமே இருந்தாலும், அந்த நிலையில் மாற்றினால் கத்தியதால் மாற்றினேன் என்றுதான் ஆகும். அடுத்த நிமிடம் எதிரணி எட்டுப் பேர் வருவார்கள்.

இதைப் பெரிய போட்டிகளும் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டன. 2024-ல் ஐரோப்பிய நாடுகள் ஆடிய யூரோ போட்டியில் கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்று வைத்தார்கள். கோல்கீப்பர் கேப்டனாக இருந்தால் அவருக்குப் பதிலாகக் களத்தில் ஒருவரை முன்பே சொல்லிவைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019-ல் இருந்து அமெச்சூர் ஆட்டங்களில், நடுவரை எதிர்த்துப் பேசினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதற்கு முன் நடத்திய சோதனையில் இத்தகைய பேச்சு 38 சதவீதம் குறைந்தது. எனக்கு இந்தப் பத்து நிமிட முறை பிடித்திருக்கிறது. மஞ்சள் அட்டை எனக்கும் பேசியவருக்கும் இடையிலேயே முடிந்துவிடும். பத்து நிமிடம் பத்துப் பேராக ஆடினால் பேசியவரிடம் பேச வேண்டியதை அவருடைய அணியினரே பேசிக்கொள்வார்கள்.

என்னுடைய ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். நான்காவது வருடம், ஒரு லீகில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். எழுபதாவது நிமிடம் வாக்கில் பெட்டியின் விளிம்பில் ஒருவர் விழுந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு முதுகு. விழுந்த இடம் பெட்டிக்கு உள்ளே இருந்தது, பெனால்ட்டி கொடுத்தேன். கால் தட்டியது வெளியே, குறைந்தது ஒரு மீட்டர் வெளியே. அதை நான் பார்க்கவில்லை, விழுந்ததைத்தான் பார்த்தேன். அந்தக் கோலால் ஒரு அணி கீழே போனது. ஆட்டம் முடிந்து நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தோற்ற அணியின் கேப்டன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எங்கே இருந்து பார்த்தீங்க?” என்று கேட்டார். நின்ற இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே நடந்து போய் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். “அங்கிருந்து தெரியாது” என்றார். “தெரியலை. நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்” என்றேன். கைகொடுத்துவிட்டுப் போனார்.

அன்று அவர் கத்தியிருந்தால், என் தப்பை நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கத்துகிறவரிடம் இருந்து தப்பிப்பதில்தான் மனம் இருந்திருக்கும். அவர் நான் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்ததால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தாக்குதலிலும் இடது பக்கம் இரண்டு எட்டு அகலமாக ஓடி, பெட்டியின் விளிம்பு தெரிகிற கோணத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். நடுவர்கள் பக்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஓடாமல் நடுவட்டத்தில் நின்று ஊதுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டால் கார்டைத் தூக்கிக் காட்டுகிறவர்கள், ஆட்டக்காரர்களைச் சிறு பிள்ளைகளைப் போல அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதை எதிர்பார்க்கிற நடுவர் பந்துக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வர வேண்டும், “அது எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல வாய் வர வேண்டும். உங்கள் நடுவர் அன்று எங்கே நின்றிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை உங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் ஓர் இளையோர் ஆட்டம் முடிந்ததும், லைன்ஸ்மேனாக நின்ற தன்னார்வலரை எதிரணியைச் சேர்ந்தவர்கள் அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். தன் மகன் ஆடும் அணிக்காகக் கொடி பிடிக்க வந்தவர் அவர். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்திவைத்தார்கள். நான் ஒருமுறை வண்டி வரை துரத்தப்பட்டிருக்கிறேன். அந்த இரவு வீட்டில் விசிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன், மூன்று மாதம் வெளியே எடுக்கவில்லை. ஜெர்மனியின் அமெச்சூர் கால்பந்தில் 2024-ல் இருந்து ஒரு முறை இருக்கிறது. ஆட்டம் கொதித்தால் நடுவர் சைகை காட்டி நிறுத்துவார், இரண்டு அணிகளும் அவரவர் பெனால்ட்டி பெட்டிக்குப் போய்விட வேண்டும், சூடு தணிந்ததும் தொடரும். இரண்டு தடவை இப்படிச் செய்யலாம், மூன்றாவது தடவை ஆட்டம் முடித்துவைக்கப்படும். சின்ன வேலைதான். ஆனால் அந்த நிமிடங்களில் கேப்டன்கள் இருவருக்கும் தங்கள் ஆட்களோடு பேச நேரம் கிடைக்கிறது.

இனி கைகுலுக்காமல் வந்த விஷயம். நடுவர் கோல் கொடுத்தார். எதிரணி என்ன தப்பு செய்தது? பந்தை அடித்தார்கள், கிராஸ்பாரில் பட்டது, விசில் கேட்டது, கொண்டாடினார்கள். உங்கள் பக்கம் அப்படி நடந்திருந்தால் நீங்களும் கொண்டாடியிருப்பீர்கள். “அவர்களுக்குத் தெரியும், சொல்லியிருக்கலாமே” என்று உங்கள் மனம் சொல்லலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் இத்தாலியின் லாசியோ அணிக்கு ஆடிய மிரோஸ்லாவ் குளோசே, நேப்போலிக்கு எதிராகத் தான் போட்ட கோல் கையில் பட்டுப் போனது என்று நடுவரிடம் சொன்னார், கோல் ரத்தானது. 1997-ல் லிவர்பூலின் ராபி ஃபவுலர், ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமன் தன்னைத் தொடவே இல்லை என்று சொல்லியும் நடுவர் பெனால்ட்டியை மாற்றவில்லை. இவர்கள் தங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சொன்னார்கள். தன் கை பட்டதும், தன்னை யாரும் தொடாததும் தனக்குத் தெரியும். முப்பது மீட்டரில் இருந்து அடித்தவருக்குப் பந்து கோட்டைத் தாண்டியதா என்று எப்படித் தெரியும்? தெரியாததைச் சொல்லவில்லை என்று ஒருவர் மேல் கோபப்படக் கூடாது.

1999 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டம். அடிபட்டவருக்காக ஷெஃபீல்டு பந்தை வெளியே அடித்தது. வழக்கப்படி த்ரோ-இன்னில் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றுதான் ஆர்சனலுக்கு முதல் முறை ஆடிய கானு, அதைப் புரிந்துகொள்ளாமல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ஓவர்மார்ஸுக்குக் கொடுத்தார், கோல். விதியில் இதைத் தடுக்க ஒன்றும் இல்லை, நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டம் முடிந்ததும் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கரே மறுபடி ஆடலாம் என்றார். பத்து நாள் கழித்து ஆடினார்கள், அதே 2-1 கணக்கில் ஆர்சனல் ஜெயித்தது. நடுவரால் முடியாததை இரண்டு அணிகள் தமக்குள் செய்துகொண்டன. அதற்கு இரண்டு பக்கமும் ஒருவரோடு ஒருவர் பேசுகிற நிலையில் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது அதுதான் இல்லாமல் போயிருக்கிறது. தோற்ற அரையிறுதி திரும்ப வராது. அந்த அணியை நீங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை, இன்னும் எத்தனையோ வருடம் சந்திக்கப் போகிறீர்கள்.

ஆகவே அடுத்த மாதத்துக்கு முன்னால் செய்யக்கூடியது இது. அவர்களுடைய கேப்டனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். கோலைப் பற்றிப் பேச வேண்டாம், அது கோல் இல்லை என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்கவும் வேண்டாம். அன்று கைகொடுக்காமல் போனது எங்கள் தவறு என்று சொல்லுங்கள், அது போதும். அவர் பக்கம் இருந்து என்ன வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ரெட் கார்டு வாங்கியவர் தன் தடையை முழுதாக அனுபவிக்கட்டும், மேல்முறையீடு வேண்டாம். அவர் நடுவரைத் திட்டியிருந்தால் அவரே நேரில் போய் வருத்தம் சொல்லட்டும், அணி சார்பாக வேறு யாரும் போகக் கூடாது. இரண்டு அணியிலும் அடிபட்டு உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், அவருக்கு ஆஃப்சைடு விதியைச் சொல்லிக் கொடுத்துக் கொடியோடு நிறுத்துங்கள். கோல் கோட்டருகே பந்து விழுகிற கணங்களில் நடுவருக்கு இன்னொரு ஜோடிக் கண் இருக்கும்.

நடுவர் வேண்டாம் என்று எழுதிக் கேட்காதீர்கள். அவருக்கும் அந்தப் பந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கும். என்னுடைய பெனால்ட்டி எனக்கு இன்றும் ஓடுகிறது. அடுத்த மாதம் அவரே வந்தால், ஆட்டம் தொடங்கும் முன் கேப்டனாக நீங்கள் போய்க் கைகொடுத்து, “இன்னைக்கு நான் ஒருத்தன்தான் சார் உங்ககிட்ட பேசுவேன்” என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி உங்கள் ஆட்களை நிறுத்திவைக்க முடியுமா என்பதை மட்டும் இந்த வாரப் பயிற்சியில் அவர்களிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.